லண்டன்ல இருந்து ரயில் ஏறி கிராமப் பக்கம் நடந்துட்டு வர்றது எப்படி: புதுசா வந்தவங்களுக்கு

லண்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து நாலஞ்சு மாசம் ஆச்சுன்னா மியூசியம், பாலம், மார்க்கெட், ஈஸ்ட் ஹாம் தோசை எல்லாம் முடிஞ்சிருக்கும். அடுத்து என்னன்னு யோசிக்கும்போது ஆபீஸ்லயோ காலேஜ்லயோ யாராவது "வீக்எண்ட் வாக் போனேன்"னு மலை, ஆடு, கடல்னு போட்டோ காட்டுவாங்க. எங்கன்னு கேட்டா ரயில்ல ஒரு மணி நேரம்தான்னு சொல்லுவாங்க. கார் வேணாம், லைசென்ஸ் வேணாம், டூர் பேக்கேஜும் வேணாம்.

இதுக்கான தகவல் நெட்ல கொட்டிக் கிடக்கு, ஆனா முக்கால்வாசி இங்கேயே பொறந்து வளர்ந்தவங்க அவங்க ஆளுங்களுக்காக எழுதினது. எந்த டிக்கெட் எடுக்கணும், ப்ரைவேட்னு போர்டு இருக்கிற இடத்துல நுழையலாமா, வழியில மாடு நின்னா என்ன பண்றது, இதெல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்ங்கறதால எழுத மாட்டாங்க. நான் ஒவ்வொண்ணா கேட்டு, அலைஞ்சு, காசு கொடுத்து கத்துக்கிட்டதை இங்க வரிசையா போடுறேன். ஒண்ணை மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்கோங்க: நடையைப் பிளான் பண்ணும்போது போறதுல இருந்து ஆரம்பிக்காதீங்க, திரும்பி வர்ற ரயில்ல இருந்து பின்னாடி எண்ணிட்டு வாங்க. கீழ சொல்ற பாதி விஷயம் அதுக்காகத்தான்.

1. பெர்மிஷன், ஐடி: எதுவும் வேணாம்

நம்ம ஊர்ல மலை ஏறணும்னா ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட் அனுமதி, கைடு, ஃபீஸ்னு இருக்கும், அந்தப் பழக்கத்துல இங்கயும் எங்க அப்ளை பண்ணனும்னு தேடுறவங்க நிறைய. இங்கிலாந்துல பொது நடைபாதைன்னு சட்டப்படி பதிவான பாதைகள் ஆயிரக்கணக்கான மைலுக்கு ஓடுது, யார் வேணா எந்த நேரத்துலயும் நடக்கலாம், காசு கிடையாது. விசா எதுவா இருந்தாலும் சரி. பாஸ்போர்ட் தூக்கிட்டுப் போகவே வேணாம், வீட்டுல பத்திரமா இருக்கட்டும். பாக்ஸ் ஹில் மாதிரி நேஷனல் டிரஸ்ட் (பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கிற தொண்டு அமைப்பு) இடங்கள்ல கட்டணம்னு போட்டிருக்கறது கார் பார்க்கிங்குக்கு, நடந்து வர்ற உங்களுக்கு இல்ல.

இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, இந்தப் பாதைகள் பெரும்பாலும் தனியார் நிலத்துக்குள்ளதான் போகும். விவசாயியோட வயலுக்கு நடுவுல போகும், குதிரை மேயுற இடத்துல போகும், சில சமயம் ஒருத்தர் வீட்டு வாசல் ஓரமாவே போகும், கோல்ஃப் மைதானத்தைக் குறுக்கா வெட்டிட்டும் போகும் (அங்க மட்டும் பந்து வருதான்னு பார்த்துட்டுப் போங்க). "ப்ரைவேட்"னு ஒரு போர்டும் "பப்ளிக் ஃபுட்பாத்"னு ஒரு போர்டும் ஒரே கேட்ல இருக்கும், பார்த்ததும் திரும்பிடலாமான்னு தோணும். திரும்ப வேணாம். வண்டிக்கும் பாதையை விட்டு விலகி நடக்கிறதுக்கும்தான் அந்தத் தடை, பாதையில நடக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு. முதல் தடவை அடுத்தவன் வயலுக்குள்ள நுழையுறப்போ யாராவது கத்துவாங்களோன்னு ஒரு கூச்சம் இருக்கும், எதிர்ல வர்ற விவசாயி குட் மார்னிங் சொல்லிட்டுப் போனப்புறம் அது போயிடும்.

போஸ்ட்ல ஒட்டியிருக்கிற அம்புக்குறியோட கலரைப் பாருங்க. மஞ்சள்னா நடக்க மட்டும். நீலம்னா குதிரையும் சைக்கிளும் வரும். சிவப்புன்னா வண்டியே வரலாம். ஓக் மரத்து விதை மாதிரி ஒரு படம் இருந்தா அது நேஷனல் டிரெயில், அதாவது நாட்டோட பெரிய நீள நடைபாதைகள்ல ஒண்ணு, அந்தப் பாதையில குறிகள் நல்லா இருக்கும், வழி தப்புறது கஷ்டம்.

2. முதல் நடைக்கு எந்த ரூட்

போட்டோ பார்த்துட்டு நேரா செவன் சிஸ்டர்ஸ் (கடலோர வெள்ளைக் குன்றுங்க) போகணும்னுதான் எல்லாருக்கும் ஆசை. அது முதல் நடைக்கு வேணாம், ஏன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி ஈஸியானதுல இருந்து வரிசையா.

எப்பிங் காடு. சென்ட்ரல் லைன்ல லவுட்டன், தேய்டன் பாய்ஸ், எப்பிங் ஸ்டேஷன்கள் எல்லாம் ஸோன் 6 (ஸோன்னா லண்டன் ரயில் கட்டணத்துக்காகப் பிரிச்சிருக்கிற வட்டம்), ஓவர்கிரவுண்ட்ல சிங்ஃபர்ட் ஸோன் 5. ஆய்ஸ்டரோ (காசு ஏத்தி வைக்கிற லண்டன் பயணக் கார்டு) கான்டாக்ட்லெஸ் பேங்க் கார்டோ தட்டிட்டுப் போயிடலாம், டிக்கெட் தலைவலியே இல்ல. ஒரே சிக்கல், காட்டுக்குள்ள பாதைகள் பின்னிக் கிடக்கும், போர்டு குறைவு, மேப் இல்லாம போனா சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வருவீங்க.

செஸ் பள்ளத்தாக்கு. என்னைக் கேட்டா முதல் நடைக்கு இதைத்தான் சொல்லுவேன். மெட்ரோபாலிட்டன் லைன்ல கடைசி ஸ்டேஷன் செஷம், ஸோன் 9. அங்க இறங்கி செஸ் ஆத்தோரமாவே ரிக்மன்ஸ்வொர்த் வரைக்கும் 10 மைல், அதாவது 16 கிமீ. கால் வலிச்சா நடுவுலயே சால்ஃபண்ட் அண்ட் லாட்டிமர் இல்ல சோர்லிவுட் ஸ்டேஷனுக்குத் திரும்பிடலாம், ரெண்டும் அதே லைன்தான். ஒரு ஸ்டேஷன்ல இறங்கி வேற ஸ்டேஷன்ல ஏறினாலும் தட்டுற கார்டுக்குக் கவலையே இல்ல.

டேரண்ட் பள்ளத்தாக்கு, கென்ட். எய்ன்ஸ்ஃபர்ட், ஷோர்ஹம், ஓட்ஃபர்ட்னு மூணு ஸ்டேஷன் ஒரே லைன்ல அடுத்தடுத்து இருக்கு, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நடந்தா 10 கிமீக்குள்ளதான். ஜூலைல போனா நடுவுல லாவெண்டர் வயல் பார்க்கலாம்.

பாக்ஸ் ஹில், சர்ரே. வாட்டர்லூ இல்ல விக்டோரியால இருந்து பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் ஸ்டேஷன், ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். உச்சி 224 மீட்டர். கேட்கச் சின்னதா இருக்கும், ஆனா ஆத்தைத் தாண்டினதும் படி செங்குத்தா ஏறும், மூச்சு வாங்கும். மோல் ஆத்துல கல் மேல கால் வச்சு தாண்டுற இடம் பிரபலம், மழைக்கு அப்புறம் அந்தக் கல்லுங்க முழுகிடும். அப்போ வீரம் காட்டாம பக்கத்துல இருக்கிற நடைபாலத்துல போங்க.

ஐவிங்ஹோ பீக்கன். யூஸ்டன்ல இருந்து டிரிங். ரிட்ஜ்வேங்கற நேஷனல் டிரெயில் இந்தக் குன்றுலதான் முடியுது. ஸ்டேஷன்ல இருந்தே பாதையைப் பிடிச்சுடலாம். டிரிங் ஊர் மட்டும் ஸ்டேஷன்ல இருந்து 3 கிமீ தள்ளி இருக்கு, அதனால ஸ்டேஷன்ல இறங்கி ஏதாவது வாங்கிக்கலாம்னு நினைச்சுட்டுப் போகாதீங்க.

செவன் சிஸ்டர்ஸ். சீஃபர்ட்ல ஆரம்பிச்சு ஈஸ்ட்போர்ன் வரைக்கும் 20 கிமீக்கு மேல, வழி முழுக்க வெள்ளைக் குன்றுங்க மேல ஏறி இறங்கி ஏறி இறங்கின்னு போகும், கடைசில பீச்சி ஹெட் 162 மீட்டர். நிழல்னு ஒண்ணு கிடையாது, காத்து தள்ளும். கக்மியர் ஆறு கடல்ல சேர்ற இடத்துல பாலம் இல்ல, உள்ள எக்ஸீட் வரைக்கும் போய் தாண்டி வரணும், இது தெரியாம ஆத்தோரம் வந்து நின்னுட்டு எதிர்க்கரையைப் பார்க்கிறவங்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம். ரெண்டு மூணு நடை முடிச்சுட்டு, ஒரு நீளமான கோடை நாள்ல இதுக்குப் போங்க. இந்தப் பக்கம் ஒரு வசதி, ஈஸ்ட்போர்ன், எக்ஸீட், சீஃபர்ட், பிரைட்டன் எல்லாத்தையும் 12ஆம் நம்பர் பஸ் இணைக்குது, முடியலைன்னா எக்ஸீட்ல பஸ் ஏறிடலாம். இங்கிலாந்துல பெரும்பாலான லோக்கல் பஸ்கள்ல ஒரு டிரிப்புக்கு அதிகபட்சம் 3 பவுண்டு.

3. ரயில் டிக்கெட்: காசு போறதே இங்கதான்

முதல்ல ஒரு நல்ல செய்தி. வெயிட்டிங் லிஸ்ட், தட்கால் எதுவும் கிடையாது. இந்த மாதிரி பக்கத்து ரூட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி எடுத்தாலும் அன்னைக்குக் காலைல எடுத்தாலும் ஆஃப்-பீக் (ஆபீஸ் கூட்ட நேரம் இல்லாத நேரத்துக்கான) டிக்கெட் அதே விலைதான், தீர்ந்தும் போகாது. அதனால மழை வருதான்னு வெள்ளிக்கிழமை ராத்திரி பார்த்துட்டு அப்புறமா எடுங்க.

"அட்வான்ஸ்"னு கொஞ்சம் மலிவா காட்டும், ஆசைப்பட்டு எடுக்காதீங்க. அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். நடந்துட்டு திரும்பும்போது பத்து நிமிஷம் லேட்டானா டிக்கெட் போச்சு. நடைக்குப் போறவங்களுக்கு ஆஃப்-பீக் ரிட்டர்ன், சனி ஞாயிறுல சில ரூட்ல சூப்பர் ஆஃப்-பீக், இது ரெண்டும்தான் சரி. அந்த நாள்ல எந்த ஆஃப்-பீக் ரயில்ல வேணா ஏறலாம். பல ரூட்ல டே ரிட்டர்ன் சிங்கிளைவிட கொஞ்சம்தான் கூட இருக்கும், அதனால ரெண்டு சிங்கிள் எடுக்கிறதுக்கு முன்னாடி ரிட்டர்ன் விலையையும் ஒரு தடவை பாருங்க. எல்லா ரயில் கம்பெனி ஆப்லயும் எல்லா ரூட் டிக்கெட்டும் கிடைக்கும், அதுல புக்கிங் ஃபீ இல்ல. வெளி ஆப்கள் சிலது ஃபீ பிடிக்கும்.

இனி மாட்டுற இடங்கள். இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க.

ஆய்ஸ்டரைத் தட்டிட்டு ஸோனைத் தாண்டிப் போறது. உள்ள போக கேட் திறந்துடும், அந்தப் பக்கம் வெளிய வர்ற ஸ்டேஷன்ல ஆய்ஸ்டர் செல்லாது. டிக்கெட் இல்லாத பயணம்னு ஆகிடும், பெனால்டி 100 பவுண்டு, அதோட அந்த சிங்கிள் டிக்கெட் விலையும் சேரும், 21 நாளுக்குள்ள கட்டினா 100 பாதியாகும். ஸோனுக்கு வெளிய நிறைய ஸ்டேஷன்கள்ல இப்போ கான்டாக்ட்லெஸ் பேங்க் கார்டு வேலை செய்யுது, ஆனா அதே ஸ்டேஷன்ல ஆய்ஸ்டர் வேலை செய்யாம இருக்கும், ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. பட்டியல் கூடிட்டே இருக்கு, கிளம்புறதுக்கு முன்னாடி உங்க ஸ்டேஷன் பேரைப் போட்டுப் பார்த்துடுங்க. இன்னொண்ணு, கான்டாக்ட்லெஸ் தட்டினா ரெயில்கார்டு (வருஷத் தள்ளுபடி கார்டு, அடுத்த பகுதியில சொல்றேன்) தள்ளுபடி கிடைக்காது.

ஒரே பேர்ல ரெண்டு ஸ்டேஷன். நான் மேல சொன்ன ஷோர்ஹம் கென்ட்ல இருக்கு, ஷோர்ஹம்-பை-சீ பிரைட்டன் பக்கத்துல கடலோரம் இருக்கு. ஆஷ்ஃபர்டும் அப்படித்தான், சர்ரேல ஒண்ணு, கென்ட்ல ஒண்ணு. டார்கிங்ல மூணு ஸ்டேஷன்: டார்கிங், டார்கிங் டீப்டீன், டார்கிங் வெஸ்ட். லண்டனுக்கு நேரா வர்றது வெறும் "டார்கிங்" மட்டும்தான்.

லண்டன் டெர்மினல்ஸ். டிக்கெட்ல இப்படிப் போட்டிருந்தா விக்டோரியா, வாட்டர்லூ மாதிரி பெரிய ஸ்டேஷன் வரைக்கும்தான். டியூப் அதுல சேராது, அதுக்குத் தனியா தட்டணும். உங்ககிட்ட ஏற்கெனவே ஸோன் டிராவல்கார்டு (ஸோனுக்குள்ள எவ்ளோ வேணா போற பாஸ்) இருந்தா முழு டிக்கெட் எடுக்காம "பவுண்டரி ஸோன்"ல, அதாவது அந்தக் கார்டு செல்லுற ஸோனோட எல்லையில இருந்து எடுக்கலாம், கவுண்டர்ல கேளுங்க.

கம்பெனி பேர் போட்ட டிக்கெட். சில மலிவு டிக்கெட்ல "இந்தக் கம்பெனி ரயில் மட்டும்"னு சின்ன எழுத்துல இருக்கும். அதே ஸ்டேஷன்ல நிக்கிற வேற கம்பெனி ரயில்ல ஏறினா செல்லாது.

ஆரம்பம் ஒரு ஸ்டேஷன், முடிவு வேற ஸ்டேஷன். ரெண்டும் ஒரே லைன்ல இருந்தா தூரமா இருக்கிற ஸ்டேஷனுக்கு ஆஃப்-பீக் ரிட்டர்ன் எடுங்க, பொதுவா நடுவுல இறங்கி ஏற அனுமதி உண்டு. சீஃபர்ட்–ஈஸ்ட்போர்ன் மாதிரி லைன் ரெண்டா பிரியுற இடம்னா சீஃபர்ட் ரிட்டர்ன் ஈஸ்ட்போர்ன்ல செல்லாது. அதுக்கு லூயிஸ் வரைக்கும் ரிட்டர்ன் எடுத்துட்டு, லூயிஸ்–சீஃபர்ட் ஒரு சிங்கிள், ஈஸ்ட்போர்ன்–லூயிஸ் ஒரு சிங்கிள் சேர்த்துக்கோங்க. டிக்கெட்டை இப்படி உடைச்சு வாங்குறது விதிப்படி சரிதான், நீங்க போற ரயில் அந்த நடு ஸ்டேஷன்ல நிக்கணும், அவ்ளோதான். இறங்கணும்னு கூட இல்ல.

4. ரெயில்கார்டு: எதுக்கு என்ன டாக்குமெண்ட்

வருஷத்துக்கு 35 பவுண்டு, டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு குறையும். நாலஞ்சு நடைலயே போட்ட காசு திரும்பிடும்னு வச்சுக்கலாம், ரூட்டைப் பொறுத்து. அதிகாரப்பூர்வ ரெயில்கார்டு சைட்லயே வாங்குங்க, போன்லயே கார்டு வந்துடும்.

16-25 கார்டுக்கு பாஸ்போர்ட் இல்ல யூகே டிரைவிங் லைசென்ஸ், கூட ஒரு போட்டோ. வயசு 26ஐத் தாண்டியும் ஃபுல் டைம் படிக்கிறவங்க இதே கார்டு வாங்கலாம், காலேஜ் அதை உறுதிப்படுத்தணும். மாஸ்டர்ஸ் படிக்க வந்த பலருக்கு இது தெரியவே தெரியாது. 26-30 கார்டும் அதே மாதிரி, போன்ல மட்டும்தான் கிடைக்கும்.

டூ டுகெதர் கணவன் மனைவிக்கோ ரெண்டு ஃபிரண்ட்ஸுக்கோ. ரெண்டு பேர் போட்டோவும் வேணும், ரெண்டு பேரும் சேர்ந்து போகணும், ஒருத்தர் மட்டும் போனா செல்லாது. வார நாள்ல காலை 9:30க்கு முன்னாடி கிடையாது.

நெட்வொர்க் ரெயில்கார்டு, நடைக்குப் போறவங்களுக்கு இதுதான் சரியான கார்டு, ஆனா விளம்பரமே இருக்காது. வயசு வரம்பு கிடையாது. கார்டு ஒருத்தர்கிட்ட இருந்தா போதும், அவரோட சேர்ந்து மூணு பெரியவங்களுக்கும் அதே தள்ளுபடி, 5 முதல் 15 வயசு வரைக்கும் நாலு குழந்தைகளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி. லண்டனும் அதைச் சுத்தின தென்கிழக்குப் பகுதியும் இதுல அடக்கம், நான் மேல சொன்னதுல டியூப்ல போறதைத் தவிர மத்த இடம் எல்லாமே உள்ள வரும். வார நாள்ல மட்டும் ரெண்டு கட்டுப்பாடு: 10 மணிக்கு முன்னாடி செல்லாது, அப்புறம் ஆளுக்குக் குறைஞ்சபட்சம் 13 பவுண்டு. சனி ஞாயிறுல இந்த ரெண்டும் இல்ல.

கார்டே வேணாம்னா, 3 முதல் 9 பேர் சேர்ந்து போனா குரூப்சேவ்னு ஒண்ணு இருக்கு, பல கம்பெனிகள்ல அதுவும் மூணுல ஒரு பங்கு தள்ளுபடி. எல்லாரும் ஒண்ணாவே போய் ஒண்ணாவே வரணும்.

16-25, 26-30 கார்டுகளை ஆய்ஸ்டர் கார்டோட இணைக்கலாம், டியூப் ஸ்டேஷன்ல இருக்கிற ஊழியர்கிட்ட காட்டினா ரெண்டு நிமிஷத்துல பண்ணித் தருவாங்க. அப்புறம் செஷம், எப்பிங் எல்லாமே ஆஃப்-பீக்ல இன்னும் மலிவு. நெட்வொர்க், டூ டுகெதர் ரெண்டையும் அப்படி இணைக்க முடியாது.

போன்ல கார்டு, போன்ல டிக்கெட், போன்ல மேப்னு எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சிருப்பீங்க. சாயங்காலம் சார்ஜ் இறங்கிடுச்சுன்னா டிக்கெட் எக்ஸாமினருக்குக் காட்ட எதுவும் இல்லன்னு அர்த்தம், அதையும் டிக்கெட் இல்லாத பயணமாத்தான் எடுத்துப்பாங்க. பவர் பேங்க் கட்டாயம்.

5. நாளும் நேரமும்

லண்டன்ல டிசம்பர்ல சாயங்காலம் 4 மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சுடும், ஜூன்ல 9:20 வரைக்கும் வெளிச்சம் இருக்கும். நம்ம ஊர்ல வருஷம் பூரா ஆறு, ஆறரைன்னு பழகினவங்களுக்கு இது உடம்புக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆகும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, போன வாரம் இருந்த வெளிச்சம் இந்த வாரம் இருக்காது.

நடக்கிற வேகத்துக்கு இங்க ஒரு பழைய கணக்கு: 5 கிமீக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏத்தத்துக்குக் கூடுதலா ஒரு மணி நேரம். அது பழகின ஆளுங்களுக்கு. நாம போட்டோ எடுத்து, உக்காந்து, புளிச்சோறு டப்பாவைத் திறந்து போறவங்க, மணிக்கு மூணரை கிமீன்னு வச்சுக்கோங்க. நவம்பர் நடுவுல 12 கிமீ நடைன்னா மூணரை மணி நேரம், சாப்பாட்டுக்கு முக்கால் மணி, மொத்தம் நாலே கால். மறையுறது 4:10 மாதிரி, அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஸ்டேஷன்ல இருக்கணும்னா 11 மணிக்கு நடை ஆரம்பிக்கணும், அதுக்கு 10 மணிக்கெல்லாம் ரயில்ல உக்காந்திருக்கணும். பதினொண்ணரைக்குக் கூடலாம்னு குரூப்ல மெசேஜ் போட்டா அந்த நடை அங்கயே முடிஞ்சுது.

இன்ஜினியரிங் ஒர்க்ஸ்னு சனி ஞாயிறுல தண்டவாள வேலை நடக்கும், ரயிலுக்குப் பதிலா பஸ் விடுவாங்க, ஒரு மணி நேரப் பயணம் ரெண்டரை ஆகும். நேஷனல் ரெயில் சைட்ல அந்தத் தேதியைப் போட்டு, போறதையும் வர்றதையும் தனித்தனியா பாருங்க. பஸ் சின்னம் தெரிஞ்சா வேற ரூட்டுக்கு மாத்துறதுதான் புத்திசாலித்தனம். ஞாயித்துக்கிழமை கிராமத்து பஸ் பல இடத்துல கிடையவே கிடையாது, அதை நம்பி ரூட் போடாதீங்க.

நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சேறு, சும்மா ஷூ அழுக்காகுற சேறு இல்ல, கணுக்கால் வரைக்கும் உள்ள இழுக்கும், வேகம் பாதியாகும்.

6. மேப்

கூகிள் மேப்பை நம்பி போகக் கூடாதுன்னு நான் அடிச்சுச் சொல்றது இந்த ஒரு விஷயம்தான். வயல் பாதை பாதிக்கு மேல அதுல இருக்காது, அதுக்குப் பதிலா ஓரத்துல நடைபாதையே இல்லாத தார் ரோட்டுல உங்களை அனுப்பும். அந்த ஒத்தையடி ரோட்டுல கார்களுக்கு மணிக்கு 60 மைல் வரைக்கும் அனுமதி. எங்கயாவது ரோட்டுல நடந்தே ஆகணும்னா வலது பக்கம், எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்த மாதிரி, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போங்க.

ஆர்டனன்ஸ் சர்வே மேப்தான் வேணும். ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரர் வரிசை, 1:25,000 அளவு, பச்சைக் கோடு கோடா இருக்கிறது எல்லாம் நடக்க உரிமை உள்ள பாதை. வயலோட வேலி கூட அதுல தெரியும், அதனால வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கற குழப்பம் தீர்ந்துடும். பேப்பர் மேப் வாங்கினா உள்ள ஒரு கோட் இருக்கும், அதை வச்சு அதே மேப்பை போன்லயும் இறக்கிக்கலாம். அவங்க ஆப்ல இலவசமா வர்றது அடிப்படை மேப் மட்டும், விவரமான மேப்புக்கு சந்தா கட்டணும். காசு செலவு பண்ண விருப்பமில்லைன்னா உங்க கவுன்சில் லைப்ரரில கேட்டுப் பாருங்க, பல லைப்ரரில இந்த மேப்கள் இருக்கும். எதுவானாலும் வீட்டு வைஃபைலயே இறக்கி வச்சுக்கோங்க, பள்ளத்தாக்குக்குள்ள சிக்னல் போயிடும்.

தனியா போகத் தயக்கமா இருந்தா ராம்ப்ளர்ஸ்னு ஒரு சங்கம் இருக்கு, ஊருக்கு ஊர் குரூப் உண்டு. மெம்பர் ஆகுறதுக்கு முன்னாடி மூணு நடை இலவசமா கூட வந்து பார்க்கலாம். பெரும்பாலும் வயசானவங்கதான் வருவாங்க, ஆனா நடையில நம்மளை ஓரங்கட்டிடுவாங்க.

7. பையில என்ன

ஷூ ஒண்ணுக்கு மட்டும் காசு செலவு பண்ணுங்க. அடியில நல்ல பள்ளம் பள்ளமா இருக்கிற, தண்ணி புகாத வாக்கிங் ஷூ, டெகாத்லான்ல மலிவா கிடைக்குது. வெள்ளை சுண்ணாம்புக் குன்று மழையில நனைஞ்சா சோப்பு போட்ட தரை மாதிரி வழுக்கும், ஜிம் ஷூ அங்க ஆகாது. ஜீன்ஸ் வேணாம், நனைஞ்சா கனக்கும், காயாது. குடை பிரயோஜனம் இல்ல, காத்து திருப்பிடும், மழை ஜாக்கெட் எடுங்க. திரும்பி வர்றப்போ போட்டுக்க ஒரு ஜோடி சாக்ஸ், சேத்து ஷூவை வைக்க ஒரு கவர்.

தண்ணியும் சாப்பாடும் லண்டன்லயே எடுத்துட்டுக் கிளம்புங்க. வழியில இருக்கிற பப்ல சாப்பிடலாம்தான், ஆனா பல இடத்துல மதியம் ரெண்டரை, மூணு மணிக்கு கிச்சனை மூடிடுவாங்க, அங்க போய் கதவுல நின்னுட்டு சிப்ஸ் பாக்கெட் தின்ன வேண்டியதுதான். உள்ள போறப்போ சேத்து ஷூவை வாசல்லயே கழட்டுறது இங்கயும் மரியாதை.

8. நடக்கும்போது

ரயில்ல இருந்தே ஆரம்பிக்குது. சில ரயில்கள் நடுவழியில ரெண்டா பிரியும், முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேற ஊருக்கு. சின்ன ஸ்டேஷன்ல பிளாட்ஃபார்ம் நீளம் பத்தாம முன்னாடி இருக்கிற நாலஞ்சு கோச்சுக்கு மட்டும் கதவு திறக்கும். ஹெட்போனைக் கழட்டிட்டு அறிவிப்பைக் கேளுங்க.

கேட்டை எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போகணும், மூடியிருந்தா மூடணும், திறந்திருந்தா திறந்தே. பயிர் நடுவுல பாதை போனா வரிசையா போங்க. தண்டவாளத்தையே கால்நடையா தாண்டுற பாதைகளும் உண்டு, நின்னு ரெண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டுட்டு தாண்டுங்க, அங்க கேட்கீப்பர் இருக்க மாட்டார்.

மாடு. நம்ம ஊர் மாடு பழக்கத்துல பக்கத்துல போய் தட்டிக் கொடுக்கத் தோணும், வேணாம். இது ஆளோட பழகாத கூட்டம், கன்னுக்குட்டி இருந்தா பாய்ஞ்சு வரும், இங்க ஆள் செத்திருக்காங்க. தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல போகாதீங்க, பாதையை விட்டு விலகி வேலியோரமா சுத்திப் போங்க, அதுக்கு அனுமதி உண்டு. ஓடாதீங்க. நாய் கூட இருந்து மாடு துரத்தினா நாயை விட்டுடுங்க, அது தப்பிச்சுக்கும்.

கடல் குன்று ஓரம். செவன் சிஸ்டர்ஸ் போட்டோவுக்காக விளிம்புல உக்காராதீங்க. மேல இருந்து பார்த்தா புல் தெரியும், அடியில சுண்ணாம்பு அரிச்சு வெறுமையா இருக்கும், எச்சரிக்கை இல்லாம பெயர்ந்து விழும். அதே காரணத்துக்காக கீழ கடற்கரையில குன்றை ஒட்டியும் நடக்கக் கூடாது, அங்க அலை ஏறினா வெளிய வரவும் வழி இருக்காது.

உண்ணி. உயரமான புல்லுல நடந்தா வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்னாடி, இடுப்பு எல்லாம் பாருங்க. ஒட்டியிருந்தா ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு மெதுவா இழுங்க. அடுத்த சில வாரத்துல வட்டமா தடிப்பு வந்தா ஜிபிகிட்ட (உங்க ஏரியா டாக்டர்) போயிடுங்க, உண்ணி கடிச்சு வர்ற லைம் நோயா இருக்கலாம்.

அவசரம்னா 999. பேச சிக்னல் பத்தாத இடத்துல மெசேஜ் போகலாம், ஆனா அதுக்கு முன்கூட்டியே பதிவு பண்ணியிருக்கணும்: "ரெஜிஸ்டர்"ங்கற வார்த்தையை இங்கிலீஷ்ல டைப் பண்ணி 999க்கு அனுப்புங்க, வர்ற பதில்ல சொல்ற மாதிரி பண்ணுங்க. இப்பவே பண்ணிடுங்க, ஒரு நிமிஷம்தான்.

9. திரும்பி வர்றது

கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு ரயிலைக் குறிச்சுக்கோங்க, நீங்க பிடிக்க நினைக்கிறது ஒண்ணு, அதுக்கு அடுத்தது ஒண்ணு. சின்ன ஸ்டேஷன்ல மணிக்கு ஒரு ரயில்தான் இருக்கும், அங்க ஆளும் இருக்காது, கடையும் இருக்காது, சில இடத்துல டாய்லெட் கூட பூட்டியிருக்கும். பாக்ஸ் ஹில்ல ரயில் போயிடுச்சுன்னா அரை மணி நேரம் நடந்தா டார்கிங் ஸ்டேஷன், அங்க ரயில் அதிகம். இந்த மாதிரி பக்கத்து ஸ்டேஷன் எதுன்னு முன்னாடியே மேப்ல பார்த்து வைங்க, அங்கயும் உங்க டிக்கெட் செல்லுமாங்கறதையும் சேர்த்து.

வர்ற ரயில் லேட்டானா காசு திரும்பக் கிடைக்கும், டிலே ரிபே. பெரும்பாலான கம்பெனிகள்ல 15 நிமிஷத்துக்கு மேல லேட்னாலே ஒரு பங்கு கொடுப்பாங்க, நேரம் கூடக்கூட தொகையும் கூடும். உங்க ஏரியால மழை, மரம் விழுந்துச்சு, சிக்னல் கோளாறுன்னு காரணம் எதுவா இருந்தாலும் பரவாயில்ல. டிக்கெட்டை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பேப்பர் டிக்கெட்டை கேட் முழுங்கிடும். எந்த ரயில், எத்தனை மணிக்கு வர வேண்டியது, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தீங்கன்னு அப்பவே போன்ல குறிச்சு வைங்க. உங்களை லேட்டாக்கின கம்பெனியோட சைட்ல 28 நாளுக்குள்ள கிளைம் போடணும்.